இருவர் ஆடும் பலகை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் என் முதுகுவலியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் “அடுப்புல பால் வச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் உங்கள் வீட்டில் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. கடிதத்துக்கு நடுவில் பொங்காது என்றுதான் எழுதுகிறேன்.

சிரிக்காமல் படி. சின்ன வயதில் நாம் டோக்கன் போட்டு ஆடுவோமே, ஆளுயர வீடியோ கேம் பெட்டி, அதை நானே செய்துகொண்டிருக்கிறேன். பெட்டிக்கு ஒரு பழைய துணி அலமாரி கிடைத்தது. கதவைக் கழற்றி, மேல் தட்டில் டிவியைச் சாய்த்து, கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தாகிவிட்டது. அதெல்லாம் சுலபம். கை வைத்து ஆடுகிற பலகைதான் அதற்கு உயிர். இரண்டு பேர் உட்காருகிற மாதிரி, ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன். நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து, அதன் பட்டன்களோடு மாரடிக்கிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று இறங்கிவிட்டேன். “வெளியிலயும் பட்டன், வீட்லயும் பட்டன். அந்த மிச்ச நேரத்துல என் நைட்டிக்கு ரெண்டு பட்டன் தச்சுக் குடுத்தா என்ன?” என்கிறாள் வீட்டுக்காரி.

உன்னிடம் வேண்டியது ஒன்றுதான். உன் இரண்டு கைகளையும் ஒரு தாளில் விரித்து வைத்து, சுற்றி வரைந்து தபாலில் அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, அளவு போய்விடும். உன் பக்கத்துப் பட்டன்கள் உன் விரலுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் உங்கள் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடுவார்களே, அப்போது இருவரும் வாருங்கள். போன வருடம் காய்ச்சல் என்று வராமலிருந்துவிட்டாய். இந்தத் தடவை நீ வராவிட்டால் நான் செய்கிற இரண்டாவது ஜாய்ஸ்டிக் வெறும் கொம்பாகத்தான் நிற்கும். இன்றுவரை உன்னை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் விடமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

அச்சடித்த கடிதத்தைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிடாதே. எனக்கு இப்போது கம்ப்யூட்டரில் தட்டிப் பழகிவிட்டது. அத்தான் சௌக்கியம், நான் சௌக்கியம். முதுகுவலிக்காரன் குனிந்து மரம் அறுக்கலாமா என்று உன் டாக்டரைக் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். உன் வீட்டுக்காரி பொறுமைக்கு ஒரு கும்பிடு.

என் பக்கத்துச் செய்தி: வேலையில் என்னை உயர்த்திவிட்டார்கள். துணி வெட்டுகிற மேசையிலிருந்து எழுப்பி மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

உன் பலகைக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் மரத்தில் கை வைக்காதே. முதலில் அட்டையில் வெட்டிப் பார். நடுக்கோட்டை அளந்து தேடி நேரத்தை வீணாக்காதே. தாளைப் பாதியாக மடி, மடிப்புதான் நடு. நாங்கள் சட்டைக்கு அப்படித்தான் செய்வோம். ஒரு பாதியை வரைந்து மடித்தால் மறுபாதி தானாக வந்துவிடும்.

கையை வரைவதற்கு என்ன அவசரம்? அனுப்புகிறேன். ஆகஸ்ட் வெகு தூரத்தில் இருக்கிறது.

பால் நிஜமாகவே அடுப்பில் இருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 12

மேற்பார்வையாளர் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியாகிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் “உங்கக்காவுக்கு இப்ப எத்தனை பேர் சல்யூட் அடிப்பாங்க?” என்று கேட்டார். நூறு பேர் என்று அடித்துவிட்டேன். நீ திருத்த வேண்டாம். நாங்கள் எல்லோரும் நலம். முதுகு மட்டும் கொஞ்சம் கோபத்தில் இருக்கிறது.

நீ சொன்னபடி அட்டையில் வெட்டினேன். நல்லவேளை. என் முதல் கணக்கில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருப்போம். பட்டன்களை நேர்வரிசையில் வைத்ததும் தப்பு. விரல்கள் ஒரே நீளமா என்ன? இப்போது வளைவாக வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி வெறும் அட்டையின் முன்னால் உட்கார்ந்து, வாயாலேயே “டிஷ்யூம்” போட்டு என்னை இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டாள்.

பட்டன்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அடியில் மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். லிஃப்ட் பட்டனை அழுத்துகிறவர்கள் நம்பிக்கையில்லாமல் நாலு தடவை அழுத்துவார்கள். இது ஒரே தடவையில் கேட்கும்.

என் பக்கம் தயார். உன் பக்கம் உன் கைக்காகக் காத்திருக்கிறது. அனுப்புகிறேன் என்றாய், அனுப்பவில்லை. ஆகஸ்டைப் பற்றிக் கேட்டேன், தூரத்தில் இருக்கிறது என்றாய். மகாராணி நேரடியாகப் பதில் சொல்லமாட்டீர்களோ?

உன் வாலு


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தானும் நலம். நீயும் அவளும் நலம்தானே? கைகளை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் வருவதை வைத்து எதுவும் ஏற்பாடு செய்யாதே. இங்கே வேலை அதிகம். பலகையை நன்றாகச் செய். உன் நண்பர்கள் யாராவது வந்து ஆடுவார்கள்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளைவுட் வாங்கி வந்து மேசையில் போட்டேன். உன் கைகள் இருந்த தாளை அதன் மேல் விரித்தேன். நடுக்கோடு வேண்டியிருந்தது. நீ சொல்லிக்கொடுத்தபடி தாளைப் பாதியாக மடித்து, மடிப்பு சரியாக விழுந்ததா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அக்கா, உன் இடது கையும் வலது கையும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே பொருந்தின. ஒரு மயிரிழைகூட விலகவில்லை. சட்டையின் இரண்டு பாதியும் அப்படிப் பொருந்தலாம். மனுஷன் கை பொருந்தாது. அதிலும் உன் கை பொருந்தவே பொருந்தாது. சின்ன வயதில் கார் கதவில் நசுங்கி, உன் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நிற்குமே, அது எங்கே? இந்தத் தாளில் இருக்கிற வலது கைக்குச் சுண்டுவிரல் நேராக இருக்கிறது. இது உன் வலது கை இல்லை. இடது கையை வரைந்து, தாளை மடித்து, வலது கை என்று அனுப்பியிருக்கிறாய்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தோன்றியது. அச்சடித்த கடிதம், தொடுவதே இல்லை என்று நீ எழுதின கத்தரிக்கோல், போன வருடத்துக் காய்ச்சல். வீட்டுக்காரி பக்கத்தில் வந்து “என்னங்க, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?” என்றாள். தாளை மறுபடி மடித்து அவளிடம் காட்டினேன்.

உன் வலது கைக்கு என்ன ஆயிற்று? பலகையை அப்படியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். நீ சொல்கிறவரை அதில் ஒரு துளைகூடப் போடமாட்டேன்.

உன் தம்பி


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டேன். “அவளே எழுதுவா மச்சான், கொஞ்சம் பொறுங்க” என்றார். குரல் சரியாக இல்லை. கிளம்பி வந்துவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். “அவங்களா சொல்லட்டும். நீங்க போய் கதவைத் தட்டினா இன்னும் ஒளிச்சுக்குவாங்க” என்று வீட்டுக்காரி தடுத்துவிட்டாள்.

பொறுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும்.

உன் தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

போன வருடம் வந்தது காய்ச்சல் இல்லை. பக்கவாதம். ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் தேறிவிட்டது. வலது கை தேறவில்லை. மேற்பார்வை வேலை என்று ஒன்றும் கிடையாது. பாவம் பார்த்து ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

தாளில் இருப்பது இடது கைதான். அத்தான் சுற்றி வரைந்தார். நான் மடித்துப் படியெடுத்தேன். இத்தனை வருடம் வெட்டு மேசையில் நின்றவள் இப்படியா மாட்டிக்கொள்வேன்!

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் முதலில் என் கையைப் பார்க்கிறார்கள், பிறகுதான் என் முகத்தை. உனக்கு மட்டும் தெரியாது. உலகத்தில் ஒரு ஆளுக்காவது நான் பழைய ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேனே என்று ஆசைப்பட்டேன். அதையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டாய்.

கோபமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். மோட்டார் போடுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. நீ தனியாக விழுந்து எழுந்திருக்கிறாய், நான் இங்கே பாட்டுப் பாடிக்கொண்டு மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் எனக்கும் இருக்கிறது. நேரில் வா, அத்தானையும் சேர்த்துத் திட்டுகிறேன்.

போதும். இனிமேல் எழுதுகிறவன் தம்பி இல்லை, மெக்கானிக். மெக்கானிக் கேட்டால் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். வலது தோள் எவ்வளவு தூரம் மேலே போகிறது? முழங்கை மடங்கி நீள்கிறதா? விரல்கள் மூடியபடி இருக்கின்றனவா, விரிந்தபடியா? எதையாவது பிடித்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? உட்காரும்போது கையை எங்கே வைத்தால் சுகமாக இருக்கிறது?

உன் பக்கத்துப் பலகை இன்னும் வெறும் மரம்தான். அது எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொல். வழக்கம் இப்படித்தான் என்று எனக்கு யாரும் சட்டம் போடவில்லை.

உன் வாலு


ஜூலை 8

வாலுக்கு,

உன் கேள்விகளை அத்தானிடம் படித்துக் காட்டினேன். “டாக்டர்கூட இவ்வளவு கேக்கலையே” என்றார். உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தோம். நானே இதுவரை என் கையை இப்படிப் பார்த்ததில்லை. பார்க்கவே பிடிக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

கை நெஞ்சு உயரம் வரை வருகிறது. முழங்கை கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு மடங்கும். விரல்கள் எப்போதும் மூடித்தான் இருக்கின்றன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எதையாவது திணித்தால் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். விடச் சொன்னால் விடாது. நேற்று இப்படித்தான் அத்தானின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மனுஷன் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கெஞ்சுகிறார், நான் சிரிக்கிறேன். சிரித்து வெகு நாளாயிற்று.

அதனால் இப்படிச் செய். ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் கொண்டுவா. பட்டன்களை இடது பக்கம் வை. பட்டன் தட்ட விரல் வேண்டும், என் இடது கைக்கு அது இருக்கிறது. ஜாய்ஸ்டிக்குக்கு விரல் எதற்கு? முஷ்டியில் செருகிவிட்டால் தோளால் தள்ளுவேன். உருண்டைக் குமிழ் வேண்டாம், வழுக்கும். தடிமனாக ஒரு பிடி வை. நெஞ்சுக்குக் கீழே, நான் உட்காருகிற உயரத்துக்கு இறக்கி வை. முஷ்டியின் சுற்றளவை நாடாவால் எடுத்து, நாடாவை அந்த இடத்தில் வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இதைக் கேட்டதால் வருகிறேன் என்று அர்த்தமில்லை. ரயிலில் ஏற வேண்டும், உன் வீட்டில் எல்லோர் முன்னாலும் சாப்பிட வேண்டும். யோசனையாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? அவள் தடுத்ததால்தான் நீ கிளம்பி வரவில்லை என்று எழுதியிருந்தாயே. அவளுக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு உட்பட அனைவரும் நலம். பலகை முடிந்துவிட்டது.

பிடிக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மேசைக் கால், கதவுப் பிடி, பூரிக்கட்டை எல்லாம் வைத்துப் பார்த்தேன். பூரிக்கட்டையை அறுக்கப் போனபோது வீட்டுக்காரி பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் ஒரு மரத்துண்டைக் கடைந்து, சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டினேன். உன் நாடா அதைச் சரியாகச் சுற்றி வருகிறது. ஜாய்ஸ்டிக்கின் ஸ்ப்ரிங் விரலுக்காகச் செய்தது, தோள் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அடியில் இரும்புத் தகடு வைத்து நாலு போல்ட் போட்டிருக்கிறேன். உன் பட்டன்கள் இடது கை விரல்களுக்குக் கீழே வளைவாக இருக்கின்றன. நீ அனுப்பின தாளில் பாதி நிஜம்தானே, அந்தப் பாதியை வைத்துத்தான் துளை போட்டேன்.

என் வலது கையை முஷ்டியாக மடக்கித் துண்டால் கட்டிக்கொண்டு உன் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். முதல் நாள் திரையில் என் ஆள் சுவரோடுதான் சண்டை போட்டான். இரண்டாம் நாள் பழகிவிட்டது. வீட்டுக்காரியைத் தோற்கடித்தேன். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

என் பக்கம் வழக்கம்போலத்தான் இருக்கிறது. அதில் எதையும் மாற்றவில்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் அதைப் படித்துவிட்டு, “நான் சாப்பிடும்போது சிந்தாத நாள் உண்டா? அவங்க வந்தா எனக்கு ஒரு துணை” என்றாள். ஆகஸ்ட் வந்துவிட்டது அக்கா. ரயில் நிலையத்துக்கு எந்த நாள் வரட்டும்?

உன் வாலு


ஆகஸ்ட் 25

அன்புள்ள வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் வீட்டுக்காரி கட்டிக்கொடுத்த சாப்பாடு ரயிலில் மூன்று வேளைக்கு வந்தது. அவளிடம் சொல். உன் முதுகு எப்படி இருக்கிறது? ஜெயித்த ஒவ்வொரு தடவையும் நாற்காலியிலிருந்து எம்பி எம்பிக் குதித்தாயே, வலிக்கத்தான் செய்யும்.

ஒரு ஆட்டம்கூட விடவில்லையேடா பாவி! ஒரு வாரம் முழுக்க அடித்து நொறுக்கினாய். ரயில் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் பதறிப்போய், “அவன் கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கலாம், எனக்கும் மனசு கேக்கல” என்றார். “அய்யோ, அதுக்கில்லைங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

விழுந்த நாளிலிருந்து நான் எதிலும் தோற்கவே இல்லை. தோற்க யாரும் விடவில்லை. சீட்டாடினால் அத்தான் கையில் ராஜாவை வைத்துக்கொண்டே தோற்றுப்போகிறார். கையை நீட்டி மடக்கச் சொல்லித்தருகிற பெண், நான் ஒன்றுமே செய்யாவிட்டாலும் “சூப்பர்மா” என்கிறாள். நான் பிசிறைப் பார்க்காமல் விட்ட சட்டையை மேஸ்திரி இன்னொருத்தியிடம் கொடுத்து ரகசியமாகச் சரி பண்ணுகிறார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் நடுவில் நான் ஆள் மாதிரியே இல்லை, பீங்கான் பொம்மை மாதிரி இருக்கிறேன்.

நீ என்னை அடித்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி அடித்தேன். கடைசி ஆட்டத்தில் உன் உயிர் நூலில் தொங்கியது, உன் மூக்கு நுனியில் வேர்வையைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் சொல். விட்டுக்கொடுத்துவிடலாம் என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

உன் அக்கா


செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன். அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்.

தோன்றியது. முதல் ஆட்டத்தில் தோற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அடுத்ததிலும் தோற்பது, அதற்கடுத்ததில் மட்டும் கஷ்டப்பட்டு ஜெயிப்பது, அப்போதுதான் நீ சந்தேகப்படமாட்டாய் என்று வீட்டுக்காரியோடு உட்கார்ந்து திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஆனால் ஆட்டம் தொடங்கின உடனே என்னை மூலையில் தள்ளி, மூச்சுவிட விடாமல் சரமாரியாகக் குத்தி, “என்ன வாலு, தூங்கறியா?” என்று கேட்டாயே! எனக்கு வந்த ஆத்திரத்தில் திட்டமாவது ஒன்றாவது. இவளை இன்றைக்கு ஜெயிக்காமல் விடுவதில்லை என்றுதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க அதே வெறிதான்.

உன் கை எனக்கு ஞாபகமே வரவில்லை அக்கா. நீ ரயிலேறிப் போன பிறகு, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது.

உன் வாலு